குடலுக்கு முன்னே கருப்பை சொல்லும் சேதி

1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நோய்க்குறியியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்தினிடம், தையல் வேலை செய்யும் ஒரு பெண் தன் மனக்கவலையைச் சொன்னார். அவர் வீட்டில் ஒருவர் பின் ஒருவராக, குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்து சின்ன வயதிலேயே போய்விட்டார்கள்; தனக்கும் அதுதான் கதி என்றார். வார்தின் அதைத் தட்டிக்கழிக்காமல், குடும்ப வரலாற்றைத் தோண்டி எடுத்து 1913-இல் வெளியிட்டார். அந்தப் பெண் பயந்தபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார்.

இதே மாதிரியான குடும்பங்களை 1966-இல் ஒமாஹா நகர மருத்துவர் ஹென்றி லிஞ்ச் விவரித்தார். புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதைப் பலர் அப்போது ஏற்கவில்லை. 1993-இல் இதற்குக் காரணமான முதல் மரபணு பிடிபட்டது. இன்று இதற்கு லிஞ்ச் நோய்த்தொகுப்பு என்று பெயர்.

செல் பிரியும்போது டிஎன்ஏ படியெடுக்கப்படுகிறது. அதில் எழுத்துப் பிழைகள் விழும். அவற்றைத் திருத்தும் புரதங்களை எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2 ஆகிய மரபணுக்கள் தருகின்றன. (இந்தத் திருத்தும் முறையை விளக்கிய பால் மோட்ரிச் 2015-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.) இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் பிழைகள் குவிகின்றன. முதல் இரண்டில் ஒன்று பழுதான பெண்ணுக்கு, 75 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம்.

பெண்களிடம் கவனம் தவறுவது இங்கேதான். எம்எஸ்ஹெச்6 பழுதானால் குடலைவிடக் கருப்பையின் உட்சுவருக்கே ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. இந்த மரபணுக்கள் பழுதாகிப் புற்றுநோய் வரும் பெண்களில் பாதிப் பேர் வரை முதலில் சந்திப்பது கருப்பை அல்லது சினைப்பைப் புற்றுநோயைத்தான். மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு என்று வந்து, கருப்பைப் புற்றுநோய் தெரியவரும் பெண்ணுக்குக் கருப்பையை எடுத்துவிட்டு, 'இனிப் பிரச்சினை இல்லை' என்று அனுப்பிவிட்டால், குடலில் காத்திருக்கும் ஆபத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் இதில் சேராது. அதற்குப் பெரும்பாலும் ஹெச்பிவி வைரஸே காரணம்.

அப்பா வழியை விசாரிப்பதும் அவசியம். பழுது தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. அத்தைக்குக் கருப்பையில், சித்தப்பாவுக்குக் குடலில் என்று வந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தெரிந்துகொண்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. இந்த நோய்த்தொகுப்பு உள்ளவர்களுக்குக் குடலில் தோன்றும் சிறு கட்டி ஓரிரு ஆண்டுகளிலேயே புற்றாக மாறக்கூடும். அதனால்தான் எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2 பழுதானவர்களுக்கு 20-25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி (குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்கிறார்கள். குழந்தைப்பேறு முடிந்தபின் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிக்கொள்வது குறித்து மருத்துவரோடு பேசலாம். பிரிட்டனின் ஜான் பர்ன் தலைமையில் நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் தொடர்ந்து எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைந்தது. வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால் அதைச் சுயமாகத் தொடங்கக் கூடாது.

இந்தப் பழுதைக் கண்டறியும் முதல் பரிசோதனை, அறுவையில் அகற்றிய புற்றுக்கட்டியிலேயே நடக்கிறது. அதன் மெல்லிய சீவலில் சாயம் ஏற்றுவார்கள். திருத்தும் புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும், இல்லையென்றால் நிறம் பிடிக்காது. நிறம் பிடிக்காததெல்லாம் பரம்பரை அல்ல என்பதால், ரத்தத்தில் மரபணுவைப் பார்த்தே உறுதிசெய்கிறார்கள். தாய் இறந்துபோயிருந்தாலும், அறுவையில் எடுத்த திசு மெழுகுக் கட்டியாக ஆய்வகத்தில் பத்திரமாக இருந்தால், மகள் அதைக் கேட்டு இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லலாம்.