ஒரே மாதிரி சிவக்கும் தக்காளி... இனிப்பு எங்கே போனது?

காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கும்போது நம் கை எதைத் தேடிப் போகும்? மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சிவந்த பழத்தைத்தானே! காம்பைச் சுற்றிப் பச்சை தெரிந்தால், 'இன்னும் பழுக்கலை' என்று ஒதுக்கிவிடுவோம். ஆனால், தக்காளியின் இனிப்புக்கும் அந்தப் பச்சைக்கும் தொடர்பு இருக்கிறது.

பழைய ரகங்களில் காய் பச்சையாக இருக்கும்போது, காம்பை ஒட்டிய மேல்பகுதி மட்டும் கரும்பச்சையாக இருக்கும். பழுக்கும்போதும் அந்த இடம் கடைசியில்தான் சிவக்கும். எதைப் பறிப்பது, எதை விடுவது என்று விவசாயிக்குக் குழப்பம். காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருக்கும் செடிகள் கிடைத்ததும், வளர்ப்பாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சுமார் 70 ஆண்டுகளாக ரகம் ரகமாக அந்தக் குணத்தைச் சேர்த்தார்கள்.

அந்தக் குணம் உண்மையில் ஒரு மரபணுவின் பழுது என்பது 2012-ல்தான் தெரிந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆன் பவல் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள். தக்காளிக்கான சர்க்கரையில் பெரும்பகுதி இலைகளிலிருந்து வருகிறது. கொஞ்சத்தை, வெயிலை வாங்கிப் பச்சைக் காயே தயாரிக்கிறது. அதற்கான பசுங்கணிகங்களை காயில் நன்றாக வளரவைப்பது ஜி.எல்.கே.2 என்ற மரபணு. சீராகப் பழுக்கும் ரகங்களில் அது வேலை செய்வதில்லை. ஆய்வகத்தில் அதை மறுபடி வேலை செய்யவைத்தபோது பழத்தில் சர்க்கரையும், சிவப்பு நிறம் தரும் லைகோபீனும் கூடின. வேடிக்கை என்னவென்றால், மரபணு மாற்றிய சோதனைப் பழங்களைச் சாப்பிட அங்கே அனுமதி இல்லை. அதனால் அவை ருசியாக இருந்தனவா என்று யாரும் கடித்துப் பார்க்கவில்லை!

ருசி குறைந்ததற்கு இது ஒன்றே காரணம் இல்லை. புளிப்பும் மணமும் சேர்ந்ததுதான் தக்காளி ருசி. காயாகவே பறிப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது எல்லாமே அதைக் கெடுக்கும்.

சீரான விளைச்சலுக்கான ஆசை நிறத்தோடு நிற்கவில்லை. அதே டேவிஸ் வளாகத்தில் ஜாக் ஹன்னா, இயந்திரத்துக்கு ஏற்ற தக்காளியை 1940-களிலேயே உருவாக்கத் தொடங்கியிருந்தார். செடி குட்டையாக இருக்க வேண்டும், எல்லாப் பழமும் ஒரே நேரத்தில் பழுக்க வேண்டும், தோல் தடிமனாக இருக்க வேண்டும். கோபி லொரென்சன் குழு வடிவமைத்த இயந்திரம் செடியை அடியோடு வெட்டி, பழங்களை உதிர்த்தெடுக்கும். 1960-களின் முடிவில் கலிஃபோர்னியாவில் சாஸ், பேஸ்ட்டுக்குப் போகும் தக்காளியில் பெரும்பகுதி இயந்திர அறுவடைதான். விலை குறைந்தது நிஜம். பறிக்கும் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்ததும் நிஜம். சிறு விவசாயிகள் பலர் தக்காளியையே விட்டார்கள். 1979-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்கே போட்டார்கள்.

நம் வீட்டு மாடித்தோட்டத்துக்கு இந்த அவசரம் எதுவும் இல்லை. நாலு பழம் நாலு நாளில் பழுத்தால்தான் நமக்கு வசதி. அடுத்த முறை நாட்டுத் தக்காளி விதைத்து, காய் மேல் கரும்பச்சை படர்ந்தால் நோய் என்று பயந்து பறித்துப் போட்டுவிடாதீர்கள்.