பள்ளிக்கூட மாடியில் கீரைப் பாத்தி
மாணவர்களும் ஊழியர்களும் சேர்ந்தால் மும்பையிலும் முடியும்

மும்பையில் பள்ளிக்கூடங்களுக்கு மாணவர்கள் உண்டு, மண்தான் இல்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் பிள்ளைகள் ஓடி விளையாடவே இடம் போதாது. இங்கே காய்கறித் தோட்டம் போட முடியுமா?

முடியும். அதற்கு மத்திய அரசே வழி சொல்லி இருக்கிறது. மதிய உணவு வழங்கும் பள்ளிகளில் தோட்டம் அமைப்பதற்கான விதிமுறைகள் 2019 அக்டோபரில் வெளியாயின. நிலம் இல்லாத நகரப் பள்ளிகள் மொட்டை மாடியிலும், தொட்டி, டப்பா, பைகளிலும் பயிர் செய்யலாம் என்று அதில் கூறப்பட்டு உள்ளது. மராட்டியில் இந்தத் தோட்டத்துக்குப் பெயர் "பரஸ்பாக்". நம் ஊர் கொல்லைப்புறத் தோட்டம்தான் அது.

துறைமுகத்தில் நடந்தது

மாடித் தோட்டம் மும்பைக்குப் புதிது அல்ல. மும்பை போர்ட் டிரஸ்ட் தொழிலாளர்களுக்குச் சமைக்கும் உணவுக்கூடத்தின் மாடியில் 2002-ம் ஆண்டில் தோட்டம் போடப்பட்டது. அங்கு அதிகாரியாக இருந்த பிரீத்தி பாட்டீல் இதைத் தொடங்கினார். நகர வேளாண்மை முறையை டாக்டர் ஆர்.டி.தோஷி காட்டிய வழியில் கற்றுக்கொண்டவர் அவர். குப்பைக்குப் போன காய்கறிக் கழிவும் சருகும் அங்கே உரம் ஆயின. அந்த உரத்தில் காய்கறிகளும் பழ மரங்களும் வளர்ந்தன.

பள்ளிக்கும் இதுவே நல்ல வழி. மண் கனமானது. சருகு உரம் எடை குறைந்தது, மாடி தாங்கும். தொட்டிகளைச் செங்கல் மேல் வைத்தால் தளத்தில் நீர் தங்காது. கட்டடத்தைப் பார்த்துச் சரி சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்?

மதிய உணவுக் கணக்குப்படி 5-ம் வகுப்பு வரை உள்ள மாணவருக்கு நாள் ஒன்றுக்கு 50 கிராம் காய்கறி. 6 முதல் 8 வரை 75 கிராம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் 100 பேருக்கே தினமும் 5 கிலோ வேண்டும். இருபது தொட்டிகளில் அது கிடைக்காது.

ஆனால் கீரை கிடைக்கும். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். வாரத்துக்கு ஒரு பாத்தியாக நான்கு பாத்திகள் விதைத்து, பறித்த பாத்தியில் உடனே மறுபடியும் விதைத்து வந்தால் வாரந்தோறும் ஒரு பறிப்பு உண்டு. சாப்பாடு வெளியே இருந்து வரும் பள்ளிகளில் கீரையைக் கட்டுக் கட்டி முறை வைத்து மாணவர் வீடுகளுக்கு அனுப்பலாம்.

சாக்கடை நீர் கூடாது

ரயில் பாதை ஓரத்துக் கீரையை மும்பை மக்கள் அறிவார்கள். "அதிக உணவு உற்பத்தி" திட்டத்தில் 1975-ல் இருந்து ரயில்வே நிலம் ஊழியர்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. பல இடங்களில் சாக்கடை நீர் பாய்ச்சியதால், அந்தக் கீரையைச் சாப்பிடலாமா என்ற கேள்வி பல ஆண்டுகள் எழுந்தது.

பள்ளித் தோட்டத்தில் அந்தத் தவறு நேரக்கூடாது. குழாய்த் தண்ணீரும், அரிசி, பருப்பு கழுவிய நீரும் போதும். தாராவி 13-வது காம்பவுண்டில் பழைய டிரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. அதில் முன்பு இருந்தது எண்ணெயா, ரசாயனமா என்று கேட்க வேண்டும். ரசாயன டிரம் எத்தனை தடவை கழுவினாலும் ஆகாது.

மே மாதம் யார் பார்ப்பது?

பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் சாகின்றன. மே மாத வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் தொட்டி காய்ந்துவிடும். ஆசிரியரும் ஊரில், மாணவரும் ஊரில். இருப்பவர் காவலாளி ஒருவரே.

ஆகவே காவலாளி, சிப்பாய், துப்புரவுப் பணியாளர் எல்லோரையும் முதல் நாளில் இருந்தே சேர்க்க வேண்டும். பறிப்பில் அவர்களுக்கும் பங்கு தரவேண்டும். கேட்காமல் தலையில் கட்டிய வேலை நிலைக்காது. அவர்களுக்கும் முடியாது என்றால் ஏப்ரலில் கடைசிப் பறிப்பை முடித்து, தொட்டிகளில் சருகு நிரப்பி மூடி வைக்கலாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது மறுபடியும் தொடங்கலாம்.

பெருமழையில் கீரை அழுகும். அப்போது வெண்டை, பாகல், புடலை போடலாம். கீரை, வெந்தயம், தக்காளி விதைக்க மழை ஓய்ந்த அக்டோபர் ஏற்றது.

யோசனை கேட்க வெகு தூரம் போக வேண்டாம். தாராவிப் பிள்ளைகளின் தாத்தா, பாட்டிகளில் நெல்லைச் சீமையில் வயலில் இறங்கியவர்கள் பலர். மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களைப் பள்ளிக்கு அழைத்தால் மறுக்கமாட்டார்கள்.