நீர் வரும் வழி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் கசிவு புதிதன்று. எங்கள் கீழவைப்பாரில் மர வள்ளத்தில் நீர் ஊறினால், அதைக் கரையேற்றி உலர்த்தி, பலகைச் சந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்த பின்பே பஞ்சு அடைத்துக் கலப்பத்துச் செய்வார்கள். மோட்டார் காருக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

என் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதற்கான செலவில் ஒரு பங்கு அந்தக் காரின் வருமானம். சென்ற ஐப்பசி மழையில் அதன் டிக்கிக்குள் தண்ணீர் தேங்கியது. பயணிகளின் பைகள் நனைந்தன. ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் துரு பிடித்தது. ஒரு பட்டறையில் சொன்னபடி மூடியின் ரப்பர் பீடிங்கை மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை.

நீர் தேங்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு என்பதே இதில் முதற்பாடம். பரப்பு இழுவிசையால் நீர் தகட்டின் அடிப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு ஓடும். நுண்புழை ஏற்றத்தால் குறுகிய இடுக்குகளில் மேலேயும் ஏறும். எங்கே புகுந்தாலும் கடைசியில் தாழ்வான ஸ்டெப்னிப் பள்ளத்தையே அடையும்.

நுழையும் வாயில்கள் சிலவே: மூடியின் பீடிங், பின்விளக்குகளின் கேஸ்கட், தகடுகள் சேரும் இடத்தில் வெடித்த பசை, பம்பருக்குப் பின்னுள்ள காற்றுத் துவாரம், தரையிலுள்ள ரப்பர் அடைப்பான். நிற்கும்போது பெய்த மழையில் நனையாமல், ஈரச் சாலையில் ஓடிய பிறகு மட்டும் நனைந்தால், கடைசி இரண்டையும் முதலில் ஐயுற வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. விரிப்பு, ஸ்டெப்னி, பக்கத் தட்டிகள் யாவற்றையும் எடுத்துவிட்டு உட்புறத்தைத் துடைத்து உலர்த்துக. சாக்பீஸ் தூளைத் தூவுக. பின்னிருக்கையை மடக்கி, கதவுகளைத் திறந்து வைத்து, ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே பார்க்கட்டும். மூடிய டிக்கிக்குள் யாரையும் அடைக்கலாகாது. மற்றவர் ரப்பர் குழாயால் மெதுவாக நீர் விடட்டும். கீழிருந்து தொடங்கி, ஓரிடத்தில் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு மேலே செல்லவேண்டும். மேலே முதலில் ஊற்றினால் எல்லாம் நனைந்து எதுவும் விளங்காது. ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்று என்று ஆய்வுக்கூடத்தில் நம் பேராசிரியர்கள் கற்பிப்பது இதுவே.

பீடிங்கை அறிய, ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடியைச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வந்தால் அங்கே பிடிப்பில்லை.

எங்கள் காரில் காகிதம் எங்கும் இறுகப் பிடித்தது. இடப்பக்க விளக்கின் மேல் நீர் விட்டபோதுதான் சாக்பீஸ் தூளில் ஈரக்கோடு இறங்கியது. விளக்கைக் கழற்றினோம், கேஸ்கட் கல்லாய் இறுகித் தட்டையாகியிருந்தது. இடத்தைச் சுத்தம் செய்து புதியது வைத்து, நட்டுகளைச் சீராக முடுக்கி, மீண்டும் நீர் விட்டோம். தூள் உலர்ந்தே இருந்தது. மாற்றத் தேவையில்லாத பீடிங்குக்கு ஆன செலவைவிட இதற்கு ஆனது மிகக் குறைவு.

துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயிண்டும் பூசினோம். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இரும்பு விரைந்து அரிக்கும். கடலோர ஊர்களில் இதைத் தள்ளிப்போடலாகாது.

தேங்கும் நீர் வடியத் தரையில் துளையிடுவாரும் உண்டு. அத்துளை சாலை நீருக்கு வழியாகும். வெட்டிய விளிம்பில் துருவும் தொடங்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் கண்ட பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கும் காரை எந்தக் கேஸ்கட்டும் காக்காது. ஆனால் ஆண்டுதோறும் வரும் மழைக்கு, புரட்டாசியிலேயே விரிப்பைத் தூக்கி ஒருமுறை கைவைத்துப் பார்த்தால் போதும். படிப்பு எதற்கு உதவும் என்று கேட்கும் வீடுகளில், இப்படி ஒரு சிறு விடையை நாம் தரலாம்.