கொட்டகைக்கு அடியில் குடியிருக்கும் பெருச்சாளி: எந்த வரிசையில் விரட்டுவது?

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போன முதல் நாள். கொல்லையில் இருக்கும் கொட்டகையில் பைக்கை நிறுத்தி சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். டக்குன்னு ஒரு சத்தம். ஸ்டாண்டின் ஒரு கால் சிமெண்ட் தரையை உடைச்சுக்கிட்டு உள்ளே இறங்கிடுச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா, தரைக்குக் கீழே மண்ணே இல்லை. வெறும் குகை.

"பெருச்சாளிடா. கார்த்திகையிலேயே அப்பா சிமெண்ட் வச்சு அடைச்சாரு. ஒரே வாரத்துல அந்தப் பக்கமா வந்துடுச்சு"ன்னு அம்மா சொன்னாங்க.

எங்க ஊர் மன்னார்குடி பக்கம். அந்தக் கொட்டகையில்தான் விறகு, கோழித் தீவனம், போர் மோட்டாரோட ஸ்டார்ட்டர் எல்லாமே இருக்கு. பாட்டி தினமும் நாலு தடவையாவது உள்ளே போய் வருவாங்க. என் பைக்குக்குப் பதிலா பாட்டி காலை வச்சிருந்தா? அந்த யோசனைதான் என்னை இந்த விஷயத்தில் இறக்கிவிட்டது. கத்துக்கிட்டதை இங்கே எழுதுறேன். உங்க வீட்டுக் கொல்லையிலும் ஒரு கொட்டகை இருக்கலாம்.

எவ்வளவு மண் போயிருக்கும்?

ஒரு சின்னக் கணக்கு. வளையின் விட்டம் 10 செ.மீ., கிளைகள் எல்லாம் சேர்த்து நீளம் 5 மீட்டர்னு வச்சுக்குவோம். பை ஆர் ஸ்கொயர் எல் போட்டா கிட்டத்தட்ட 40 லிட்டர் வரும். 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கொள்ளளவு சுமார் 35 லிட்டர்தான். அதாவது ஒரு மூட்டைக்கு மேல மண் தரைக்கு அடியிலிருந்து காணாமல் போயிருக்கு. கம்பி போடாத மெல்லிய காங்கிரீட் தரைக்குக் கீழே தாங்க மண் இல்லைன்னா அது எப்படி விரிசல் விடும்னு சிவில் பசங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல்ல, உள்ளே யாரு?

எங்க தெருவில் எலிக்கிட்டி வைக்கும் பெரியவர் ஒருத்தர் இருக்கார். மூங்கிலை வில்லு மாதிரி வளைச்சு, கயிறு கட்டி வயல் வரப்பில் வைப்பாங்களே, தஞ்சாவூர் கிட்டி, அதுதான். அவரைக் கூப்பிட்டேன். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, மருந்து ஏதும் வச்சீங்களா?"

வச்சோம்னு அப்பா தலையை ஆட்டினார். "அப்ப இங்க செத்தது எதையும் நான் எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். குழி தோண்டிப் புதைச்சுடுங்க"ன்னார். ஏன்னு பின்னாடி புரிஞ்சுது. அதைக் கீழே சொல்றேன்.

அப்புறம் அவர் சொல்லித்தந்தது, வளையைப் படிக்கிறது எப்படின்னு. வாய்க்கு வெளியே புது மண் குவியலா இருந்து, வாயையே மண்ணால் அடைச்சு வச்சிருந்தா பெரும்பாலும் வயல் எலி. சம்பா அறுவடை முடிஞ்சு வயலில் நெல் இல்லாதப்ப அது வீட்டுப் பக்கம் வரும். வாய் பெருசா திறந்தே கிடந்தா பெருச்சாளி. நல்லா வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோ வரைக்கும்கூட இருக்கும். ஆங்கிலத்தில் இதைச் சொல்லும் 'பேண்டிகூட்' என்ற பெயரே தெலுங்கின் 'பந்திகொக்கு'விலிருந்து, அதாவது 'பன்றி எலி'யிலிருந்து, போனதுதான்.

பகலில் நடமாட்டம் தெரிஞ்சா கீரியாக இருக்கலாம். வாலை இழுத்துக்கிட்டுப் போன தடம் இருந்தா உடும்பாக இருக்கலாம். இந்த ரெண்டையும் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சந்தேகமா இருந்தா, சாயங்காலம் வளை வாயில் கோலமாவை மெல்லிசா பரப்பி வைங்க. காலையில் தடம் விழுந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: வளைக்குள்ளே கையை மட்டும் விடாதீங்க. பாம்பு தனக்கு வளை தோண்டாது. எலி தோண்டியதில் வாடகை இல்லாம குடியேறும். சாரையும் வரும், நல்ல பாம்பும் வரும். பாம்பைப் பார்த்தால் தள்ளி நின்னு, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் போடுங்க.

நாங்க செஞ்ச ரெண்டு தப்பு

முதல் தப்பு, எடுத்த எடுப்பிலேயே அடைச்சது. உள்ளே இருந்த பெருச்சாளிக்கு அது ஒரு கதவு மூடின மாதிரி, அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு கதவு தோண்டிக்கும். எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும். சுமாரான சிமெண்ட் பூச்சு, மரம், பிளாஸ்டிக் எல்லாத்தையும் கரண்டிடும். குட்டிகள் உள்ளே இருந்தா தாய் இன்னும் வேகமா தோண்டும்.

ரெண்டாவது தப்பு, மருந்து. கடையில் கேட்டதும் கொடுத்த நீலக் கட்டியை அப்பா வளை வாயில் வச்சிருக்கார். நாலஞ்சு நாள் கழிச்சு எங்க நாய் மணிக்கு ஈறில் ரத்தம் கசிஞ்சிருக்கு. கட்டியைத் தின்னுச்சா, செத்த எலியைத் தின்னுச்சான்னு தெரியாது. கால்நடை டாக்டர் உறையைப் பார்த்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோமடியோலோன்னு கண்டுபிடிச்சு, வைட்டமின் கே ஊசி போட்டார். மணி பிழைச்சுடுச்சு. உறையைத் தூக்கிப் போடாம வச்சிருந்ததுதான் அன்னைக்கு உதவியது.

பெரியவரின் கேள்விக்கு அர்த்தம் இதுதான். விஷம் தின்ன எலி, அதைத் தின்கிற நாய், பூனை, கூகை எல்லாத்துக்கும் விஷம். டெல்டாவில் வயல் எலியைச் சமைச்சுச் சாப்பிடுறவங்களும் உண்டு. அவங்களுக்கும் அது ஆபத்துதானே?

இதுக்காவது மாற்று மருந்து இருக்கு. ஜிங்க் பாஸ்பைடு என்ற கறுப்புப் பொடி வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறும். அதுக்கு மாற்று மருந்தே கிடையாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அதே வாயுவை விடும். கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே வளை எங்கே போகுதுன்னு யாருக்கும் தெரியாது. அதனால் வீட்டை ஒட்டிய வளையில் அதைப் போடவே கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட் கல்லீரலையே அழிச்சுடும். தமிழ்நாட்டில் அதுக்குத் தடை. யாராவது நீட்டினாலும் வாங்காதீங்க.

சரியான வரிசை

*1. சாப்பாட்டை நிறுத்து.* பெருச்சாளி கொட்டகைக்கு வந்தது கொட்டகை பிடிச்சு இல்லை, கோழித் தீவனம் பிடிச்சு. தீவனத்தை மூடி போட்ட தகர டிரம்முக்கு மாத்தினோம். ராத்திரியில் நாய்த் தட்டு வெளியே கிடக்கக்கூடாது. சொட்டுற குழாயைச் சரி பண்ணணும். சுவரோரம் அடுக்கின விறகை ஒரு அடி தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி அடுக்கணும். மறைவு இல்லாத இடம் எலிக்குப் பிடிக்காது.

*2. கூண்டு வை, ஆனா அவசரப்படாதே.* புதுப் பொருள் எதைப் பார்த்தாலும் எலிக்குப் பயம். அதனால் முதல் மூணு நாள் கூண்டின் கதவை மூடாதபடி கட்டிவச்சு, உள்ளே சுட்ட தேங்காயும் கருவாடும் மட்டும் வைங்க. பயம் போய்த் தின்னப் பழகும். நாலாவது நாள் கதவை விசையில் மாட்டுங்க. பெருச்சாளிக்குச் சின்ன எலிக்கூண்டு பத்தாது, பெரிய கூண்டு வேணும். அதைச் சுவரை ஒட்டி வைக்கணும், ஏன்னா எலி சுவரோரமாகத்தான் ஓடும். எங்களுக்குப் பத்து நாளில் மூணு மாட்டுச்சு. நான் காலேஜ் திரும்பிட்டேன். அம்மா தினமும் கோலமாவுத் தடத்தை வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாங்க.

*3. காலியான்னு உறுதி பண்ணு.* எல்லா வாயிலும் கசக்கின நியூஸ்பேப்பரைத் திணிச்சு வைங்க. தொடர்ந்து மூணு நாள் பேப்பர் அசையலைன்னா உள்ளே யாரும் இல்லை. அசைஞ்சா மறுபடி ரெண்டாவது படிக்குப் போகணும்.

*4. கடைசியாகத்தான் அடை.* வாயை மட்டும் பூசிப் பிரயோஜனம் இல்லை. உடைஞ்ச தரையைப் பெயர்த்து, உள்ளே மணலை அடுக்கடுக்கா கொட்டி, தண்ணி விட்டு இறுக்கி, மேலே 1:4:8 காங்கிரீட் போட்டோம். பிறகு கொட்டகையைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் ஜி.ஐ. வலையைச் சுவரை ஒட்டி இறக்கி, அடியில் ஒரு அடி வெளிப்பக்கமா மடிச்சு மண்ணால் மூடினோம். பக்கவாட்டில் பார்த்தா 'ட' எழுத்து மாதிரி இருக்கும். எலி எப்பவும் சுவரை ஒட்டித்தான் கீழே தோண்டும். வலையில் முட்டினா, ஒரு அடி பின்னாடி போய்த் தோண்டணும்னு அதுக்குத் தோணாது. இந்த மொத்த வேலையிலும் எனக்குப் பிடிச்ச டிசைன் இதுதான்.

இதையெல்லாம் செய்யும்போது ரப்பர் கையுறையும் பூட்ஸும் கட்டாயம். எலி மூத்திரத்தில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகக்கூட உள்ளே போகும். எலிக்காய்ச்சல்னு சொல்றது அதைத்தான். பெருக்குறதுக்கு முன்னாடி பிளீச்சிங் தண்ணி தெளிச்சுடுங்க. வேலை முடிஞ்ச ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா, டாக்டரிடம் "எலி வளையில் வேலை பார்த்தேன்"னு மறக்காம சொல்லுங்க.

கடைசியா

எங்க அப்பா செஞ்சதும் நாங்க செஞ்சதும் ஏறக்குறைய அதே வேலைகள்தான். அவர் அடைப்பதில் ஆரம்பிச்சார், நாங்க அடைப்பதில் முடிச்சோம். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அதே இடத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பார்த்தேன். தரை அசையலை. பாட்டி தீவன டிரம்மைத் திறந்துக்கிட்டே, "இப்ப மூடியைத் திறக்கத்தான்டா கை வலிக்குது"ன்னாங்க. அடுத்த லீவுக்கு அதுக்கு ஒரு கைப்பிடி வைக்கணும்.