பி43 இயக்கி

பி43 என்பது பிராட்காம் நிறுவனம் தயாரித்த பழைய கம்பியில்லா வலையமைப்பு அட்டைகளை லினக்ஸ் இயங்குதளத்தில் செயற்படுத்தும் கட்டற்ற இயக்கி ஆகும். ஜனவரி 2008 இல் வெளியான லினக்ஸ் கருனியின் 2.6.24 ஆம் பதிப்பில் இது முதன்முதலாக இடம்பெற்றது. இயக்கி கருனியுடனேயே வருகின்ற போதிலும், அட்டை உடனே வேலை செய்வதில்லை. நிலைபொருள் எனப்படும் வேறொரு நிரலைப் பயனரே பெற்று நிறுவ வேண்டும். இவ்வியக்கியை அமைப்பதில் எழும் சிக்கல்களுள் பெரும்பாலானவை இதனால் விளைபவையே.

நிலைபொருளின் தேவை

கம்பியில்லா அட்டையினுள் ஒரு சிறு செயலி உள்ளது. ஒரு தரவுச் சட்டகம் பிழையின்றி வந்து சேர்ந்தால், 802.11பி, 802.11ஜி சீர்தரங்களின்படி 10 மைக்ரோநொடி இடைவெளியில் அதற்கான ஒப்புகை புறப்பட வேண்டும். பல பணிகளுக்கிடையே இயங்கும் கருனியால் இத்தகைய விரைவுக்கு உறுதி தர இயலாது. ஆகவே இப்பணியை அட்டையின் செயலியே மேற்கொள்கின்றது. அச்செயலிக்கான நிரலே நிலைபொருள்.

பிராட்காம் அட்டைகளில் இந்நிரல் நிலையாகப் பதிக்கப்படவில்லை. மின்சாரம் நின்றவுடன் அழியும் நினைவகத்தில் அது இருப்பதால், ஒவ்வொரு முறையும் இயக்கி அதனை அட்டையில் ஏற்றவேண்டும். இப்பழைய அட்டைகளின் நிலைபொருளை மறுபகிர்வு செய்ய பிராட்காம் அனுமதி வழங்கவில்லை. எனவே டெபியன் போன்ற வழங்கல்கள் அதனைத் தம் வட்டுகளில் சேர்க்க இயலாது. 2023 இல் வெளியான டெபியன் 12, கட்டற்றதல்லாத பிற நிலைபொருட்களை நிறுவல் வட்டிலேயே சேர்த்தது. அப்போதும் பி43 நிலைபொருள் அதில் இடம்பெறவில்லை. இணையத்தில் இணைவதற்கு வேண்டிய கோப்பை இணையத்திலிருந்து பெறவேண்டிய நிலை இதனால் ஏற்படுகின்றது.

வரலாறு

பிராட்காம் தன் அட்டைகளின் உள்ளமைப்பு ஆவணங்களை வெளியிடவில்லை. லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி வழிச்செயலி லினக்சில் இயங்கியதால், அதற்காக மிப்ஸ் செயலிக்குத் தொகுக்கப்பட்ட பிராட்காம் இயக்கி ஒன்று இரும வடிவில் கிடைத்தது. தன்னார்வலர்கள் அதனை ஆய்ந்தனர். ஒரு குழு இரும நிரலைப் படித்து அட்டையின் நடத்தையை விவரணமாக எழுத, அந்நிரலைப் பாராத மற்றொரு குழு விவரணத்தை மட்டும் கொண்டு புதிய இயக்கியை எழுதியது. பதிப்புரிமை மீறல் என்ற குற்றச்சாட்டுக்கு இடமளிக்கலாகாது என்பதே இப்பிரிவினையின் நோக்கம். பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் என்ற அவ்வியக்கி ஜூன் 2006 இல், கருனியின் 2.6.17 ஆம் பதிப்பில் சேர்ந்தது. பின்னர் மேக்80211 என்ற பொது அடுக்கின்மீது அதனை மாற்றியெழுதியபோது பி43, பி43லெகசி என இரண்டாகப் பிரிந்தது.

ஏப்ரல் 2007 இல் ஓபன்பிஎஸ்டியின் பிசிடபிள்யூ இயக்கியில் இந்நிரலின் பகுதிகள் இருப்பது தெரியவந்தது. லினக்ஸ் இயக்கி குனூ பொது உரிமத்தில் உள்ளது. ஓபன்பிஎஸ்டியோ பிஎஸ்டி உரிமத்தைப் பின்பற்றுவது. பொதுமடலில் எழுந்த கடும் விவாதத்தின் முடிவில் பிசிடபிள்யூ கைவிடப்பட்டது. இரு தரப்பும் கட்டற்ற மென்பொருள் சார்ந்தவையே என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் டிராகன்ஃபிளை பிஎஸ்டியில் உருவான பிடபிள்யூஐ இயக்கி ஓபன்பிஎஸ்டிக்கும் சென்றது.

அட்டையை அடையாளங்காணல்

அட்டைப் பெட்டியின் மேலுள்ள பெயரை நம்புதல் கூடாது. எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என் என்ற தெரிவுடன் இயக்கினால், ஒவ்வொரு சாதனத்துக்கும் இரு பகுதிகள் கொண்ட அடையாள எண் கிடைக்கும். 14இ4 எனத் தொடங்குவது பிராட்காம். அடுத்த பகுதி சில்லின் பெயருடன் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 14இ4:4318 என்பது 4318 சில்லுதான். ஆனால் 14இ4:4312 என்பது 4311 சில்லையும், 14இ4:4315 என்பது 4312 சில்லையும் குறிக்கும். இதனை அறியாது தவறான இயக்கியைத் தேடி அலைவோர் பலர். மேலும் 4312 சில்லுக்கு 2.6.32 அல்லது அதற்குப் பிந்தைய கருனி தேவை.

நிறுவுதல்

கம்பிவழி இணைப்பு இருப்பின் வேலை எளிது. டெபியனில் கான்ட்ரிப் பிரிவை இயலச்செய்து, பி43 நிலைபொருள் நிறுவிப் பொதியை நிறுவினால் போதும். அப்பொதியில் நிலைபொருள் இல்லை. பிராட்காமின் இயக்கிக் கோப்பொன்றைப் பதிவிறக்கி, எஃப்டபிள்யூகட்டர் என்ற கருவியால் நிலைபொருளை அதிலிருந்து வெட்டியெடுக்கிறது. வழங்கல் கொடுக்கக்கூடாததைப் பயனர் தாமே வெட்டியெடுத்துக்கொள்ளும் இவ்வேற்பாடு விந்தையானது எனினும், உரிமச் சிக்கலுக்கு அகப்பட்ட வழி இதுவே.

கம்பிவழி இணைப்பும் இல்லையெனில், அதே இயக்கிக் கோப்பையும் வெட்டும் கருவியையும் வேறொரு கணினியில் பதிவிறக்கி, யூஎஸ்பி நினைவகத்தில் கொண்டுவரலாம். வெட்டப்பட்ட கோப்புகள் லிப் அடைவினுள் உள்ள ஃபர்ம்வேர் அடைவில், பி43 என்ற உள்ளடைவில் அமைய வேண்டும். பி43லெகசிக்கு வேண்டியது பழைய மூன்றாம் பதிப்பு நிலைபொருள். அதற்கு அதே பெயரில் தனி உள்ளடைவு உண்டு. பின்னர் மாட்புரோப் கட்டளையால் பி43 கூறினை நீக்கி மீண்டும் ஏற்றவேண்டும்.

பிழை நேர்ந்தால் டிமெஸ்ஜி கட்டளை காட்டும் கருனிச் செய்திகளைப் பார்க்க வேண்டும். யூகோட்5 போன்ற கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி, நிலைபொருள் உரிய இடத்தில் இல்லை என்பதைக் காட்டும். கோப்பு ஏறிய பின்னரும் வலையமைப்புகள் தென்படாவிடில், மடிக்கணினியின் வானொலி விசை அணைக்கப்பட்டிருக்கலாம். இதனை ஆர்எஃப்கில் கட்டளையால் அறியலாம்.

மாற்று வழிகள்

என்டிஐஎஸ்ராப்பர் என்பது விண்டோஸ் இயக்கியையே லினக்சில் இயக்கிய மென்பொருள். அவ்வியக்கிகள் எக்ஸ்86 வகைச் செயலிக்கானவை. ஆதலால் பவர்பிசி செயலி கொண்ட ஆப்பிள் கணினிகளில், ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம் அட்டை வைத்திருந்தோருக்கு அது உதவவில்லை.

பிராட்காம் 2008 இல் வெளியிட்ட டபிள்யூஎல் இயக்கியின் உட்பகுதி இரும வடிவிலானது. கருனி மாறும்போதெல்லாம் அதனை மீண்டும் தொகுக்க வேண்டும். டபிள்யூஎல், பி43 இரண்டும் ஒரே அட்டைக்குப் போட்டியிடுவதால், ஒன்றை ஏற்றுமுன் மற்றதைத் தடைப்பட்டியலில் இடவேண்டும். செப்டம்பர் 2010 இல் பிராட்காம் திறந்த மூல இயக்கி ஒன்றை வெளியிட்டது. ஆனால் அது 4313, 43224, 43225 ஆகிய புதிய சில்லுகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

பழைய சில்லுகளுக்குக் கட்டற்ற நிலைபொருளை இத்தாலியின் பிரெசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினர். ஓபன்எஃப்டபிள்யூடபிள்யூஎஃப் எனப்படும் அது 4306, 4311, 4318 சில்லுகள் சிலவற்றில் இயங்கும். சேவைத்தர முன்னுரிமை வசதி அதில் இல்லாததால், பி43 கூறினை ஏற்றும்போது அவ்வசதியை நிறுத்திவைக்க வேண்டும்.