சனிக்கிழமைச் சைக்கிளும் கற்காலச் சாப்பாடும்

இந்த வருடம் எங்கள் வாலிபர் ஐக்கியத்துக்குள் இரண்டு பழக்கங்கள் ஒன்றாக நுழைந்திருக்கின்றன. ஒன்று சனிக்கிழமை காலைச் சைக்கிள் ஓட்டம். மற்றது 'பேலியோ' என்ற சாப்பாட்டு முறை. இரண்டும் நல்ல நோக்கத்தோடு வந்தவைதான். இரண்டையும் ஒரே உடம்பில் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். உங்களைப் பார்த்துத் தொடங்கிய அப்பாமாருக்கும் அதே குழப்பம். ஆகவே சைக்கிள் குழுவில் இருக்கிறவர்களும் தாதித் தொழிலில் இருக்கிறவர்களுமான நாங்கள் இதை எழுதுகிறோம்.

சைக்கிள் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. 1990களில் எரிபொருள் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ஆலயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள்தான். முன் பாரில் ஒரு பிள்ளை, பின் கரியரில் அம்மா, ஹாண்டிலில் தொங்கும் பை. இப்படி ஒரு குடும்பமே போகும். விறகும் அரிசி மூட்டையும் அதே கரியரில்தான். நொட்டிங்ஹாமில் செய்த ரலி சைக்கிள் ஒன்று வீட்டில் நின்றால் அது ஒரு சொத்து. அப்படி ஓடியவர்களின் பிள்ளைகள் இப்போது இறுக்கமான காற்சட்டையும் ஹெல்மெட்டுமாக வெளிக்கிடும்போது, 'இதைப் போட்டுக்கொண்டா றோட்டுக்குப் போகிறாய்' என்று அம்மாமார் கேட்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

நோர்பரியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எங்கள் கடைகளுக்கு முன்னால் ஓடும் லண்டன் றோட், ஏ23 வீதியின் ஒரு பகுதி. அந்த வீதியின் மறுமுனை பிரைட்டன் கடற்கரை. ஆனாலும் அந்த வீதியிலேயே தெற்கே ஓடச் சொல்ல மாட்டோம். பஸ்ஸும் லொறியும் நிறைந்த வீதி அது. பழகத் தொடங்குகிறவர்களுக்கு வாண்டில் ஆற்றங்கரைப் பாதை நல்லது. ஹேர்ன் ஹில் சைக்கிள் திடலும் கிட்டத்தான் இருக்கிறது. 1891இல் கட்டிய அந்தத் திடலில் 1948 ஒலிம்பிக் சைக்கிள் போட்டிகள் நடந்தன. கொஞ்சம் பலம் வந்தபின் பொக்ஸ் ஹில். 2012 ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒன்பது தரமும் பெண்கள் இரண்டு தரமும் சுற்றிய ஏற்றம் அது. இரண்டரைக் கிலோமீற்றர், அவ்வளவு செங்குத்து இல்லை. நோர்பரியிலிருந்து போய்வர அறுபது கிலோமீற்றர் அளவில் வரும்.

அதற்கு அப்பால் டிச்லிங் பீக்கன். ஜூன் மாதத்தில் பிரித்தானிய இதய அறக்கட்டளை நடத்தும் லண்டன்–பிரைட்டன் ஓட்டத்தில் 54 மைல் தூரம். கால் எல்லாம் சோர்ந்த பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் இந்த மலை வரும். ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் ஏறக்குறைய 140 மீற்றர் உயர வேண்டும். 1994இல் டூர் டி பிரான்ஸ் இங்கிலாந்துக்கு வந்தபோது அந்த வீரர்களும் இதில் ஏறினார்கள். இங்கே பலர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளுவார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் வெறும் வயிற்றோடு அங்கே வந்து நிற்பவரின் நிலைமை வேறு.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். 'பேலியோ' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சாப்பாடுகள் நடமாடுகின்றன. இது விளங்காததுதான் பாதிப் பிரச்சினை.

முதலாவது, அமெரிக்காவில் பிறந்த பேலியோ. 1985இல் போய்ட் ஈட்டன் என்ற மருத்துவரும் மெல்வின் கோனர் என்ற மானிடவியலாளரும் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். பயிர் செய்யத் தொடங்குமுன் மனிதன் உண்டதுதான் எங்கள் உடம்புக்குப் பொருந்தும் என்பது அவர்கள் வாதம். லோறன் கோர்டெய்ன் 2002இல் அதைப் புத்தகமாக்கிப் பரப்பினார். இறைச்சி, மீன், முட்டை, மரக்கறி, பழம், கொட்டை வகை ஆகும். தானியம், பருப்பு, பால், சீனி, உப்பு ஆகாது. பருப்பையும் மரக்கறியையும் உண்டு பத்து நாளில் முகம் தெளிந்த தானியேலின் கதையை ஓய்வுநாள் பாடசாலையில் படித்து வளர்ந்த பிள்ளைகள், இப்போது பருப்புக்கறியைக் கண்டால் பாத்திரத்தைத் தள்ளி வைக்கிறார்கள்!

இரண்டாவது, தமிழ்நாட்டுப் பேலியோ. நியாண்டர் செல்வனின் எழுத்தாலும் முகநூல் குழுக்களாலும் பரவியது. வட்ஸ்அப் வழியாக எங்கள் வீடுகளுக்கு வந்திருப்பது பெரும்பாலும் இதுதான். காலையில் நூறு பாதாம், வெண்ணெய் போட்ட தேத்தண்ணி, பனீர், நெய், முட்டை, இறைச்சி. கோர்டெய்ன் விலக்கிய பாற்பொருள் இதில் தாராளம். மாச்சத்து மிகக் குறைவு, கொழுப்பு மிக அதிகம். எடை குறைக்கவும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் விரும்பியவர்கள்தான் பெரும்பாலும் இதில் சேர்ந்தார்கள். மூன்று மணிநேரம் மலை ஏறும் ஒருவருக்காக வகுத்த பட்டியல் இல்லை.

மூன்றாவதை எங்கள் சைக்கிள்காரர் அநேகர் கேள்விப்படவே இல்லை. 2005இல் கோர்டெய்னும், ஜோ ஃபிரீல் என்ற பயிற்றுநரும் சேர்ந்து விளையாட்டு வீரர்களுக்கென்றே ஒரு பேலியோப் புத்தகம் எழுதினார்கள். ஃபிரீல் சைக்கிள் வீரர்களுக்குப் பயிற்சி நூல் எழுதிப் பெயர் பெற்றவர். அந்தப் புத்தகம் சொல்வது இதுதான்: பயிற்சிக்கு முன்னும், நீண்ட ஓட்டத்தின் இடையிலும், முடிந்த உடனேயும் மாச்சத்து எடுக்க வேண்டும்; ஓட்டத்தில் இனிப்புப் பானம்கூடக் குடிக்கலாம்; மிச்ச நேரத்தில்தான் பேலியோ. பேலியோவைப் பரப்பியவரே சைக்கிள்காரருக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்!

ஏன் கொடுத்தார்? நன்றாகச் சாப்பிட்ட ஒருவரின் தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் ஏறக்குறைய 500 கிராம் மாச்சத்துச் சேமிப்பில் இருக்கும். இது சுமார் 2,000 கலோரி. கடுமையாக ஓடினால் ஒன்றரை, இரண்டு மணிநேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். கொழுப்பு எங்கள் எல்லோரிடமும் தேவைக்கு மேலேயே உண்டு, உண்மைதான். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். சமவெளியில் கதைத்துக்கொண்டு ஓடும்போது அது போதும்; ஏற்றத்தில் போதாது. நாலைந்து நாள் சோற்றையும் கிழங்கையும் பழத்தையும் விட்டவர், வெளிக்கிடும்போதே அரைத் தாங்கி எண்ணெயோடுதான் வெளிக்கிடுகிறார்.

போன கோடையில் பொக்ஸ் ஹில் போய்த் திரும்பும் வழியில் ஒரு தம்பிக்கு இதுதான் நடந்தது. இருபத்துநாலு வயது, நீரிழிவு ஒன்றும் இல்லை. முதலில் பின்தங்கினார். பிறகு ஒன்றுமில்லாததுக்குச் சினந்தார். பேர்லிக்குக் கிட்ட வரும்போது சிவப்பு விளக்கைக் கவனியாமல் சந்திக்குள் போய்விட்டார். கார் ஓட்டி வந்த பெண் நிதானமானவர், பிரேக் பிடித்தார். தம்பியை ஒரு மதிலில் இருத்தி, கைநடுக்கத்தையும் குளிர்ந்த வியர்வையையும் பார்த்து, கோலாவும் வாழைப்பழமும் கொடுத்தோம். கால் மணிநேரத்தில் பழைய ஆளாகிவிட்டார். சைக்கிள்காரர் இதற்கு 'பொங்க்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'பொங்கல் சாப்பிட்டிருந்தால் பொங்க் வந்திராது' என்று ஒருவர் பகிடி விட்டார். பகிடி வீட்டுக்கு வந்த பிறகுதான். சந்தியில் யாரும் சிரிக்கவில்லை. கால் சோர்ந்தால் நின்றுவிடலாம். மூளைக்குக் குளுக்கோஸ் குறைந்தால், நிற்கவேண்டும் என்ற யோசனையே வராது.

'உடம்பு கொழுப்புக்குப் பழகிவிடும்' என்று சிலர் வாதிடுகிறார்கள். கொழுப்பை எரிக்கப் பழகும்தான். அவுஸ்திரேலியாவில் லூயிஸ் பேர்க்கின் ஆய்வுக்குழு முதல்தர வேகநடை வீரர்களை வைத்து இதைப் பார்த்தது. முடிவு 2017இல் வெளிவந்தது. மிகக் குறைந்த மாச்சத்து உண்டவர்கள் கூடுதலாகக் கொழுப்பை எரித்தார்கள். ஆனால் அதே வேகத்தில் நடக்க அவர்களுக்குக் கூடுதல் ஒட்சிசன் தேவைப்பட்டது. மாச்சத்து உண்ட வீரர்கள் பத்துக் கிலோமீற்றர் போட்டியில் முன்னேறினார்கள், இவர்கள் முன்னேறவில்லை.

அப்படியென்றால் பேலியோவில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. சுவீடனில் ஸ்டஃபான் லிண்ட்பெர்க் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இதய நோயோடு சர்க்கரைக் கோளாறும் இருந்த 29 ஆண்களில் பேலியோ உண்டவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் சர்க்கரை நன்றாகத் தேறியது. சிறிய ஆய்வுதான். ஆனால் தெற்காசியரான எங்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களைவிட இளவயதிலும், மெலிந்த உடம்பிலும் வருகிறது. அதனால்தான் எங்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனம் என்கிறார்கள் இங்குள்ள மருத்துவர்கள். ரோல்ஸ், பற்றீஸ், மிக்சர், பிஸ்கட், சோடா, மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி: இவற்றை வீட்டிலிருந்து விரட்ட பேலியோ ஒரு சாட்டாக இருந்தால் சந்தோஷம். ஆலயச் சாப்பாட்டு மேசையிலும் விரட்டலாம். அதற்குத் தாய்மார் சங்கம் மனம் வைக்கவேண்டும்.

லிண்ட்பெர்க் அதற்கு முன் பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா தீவுக்குப் போயிருந்தார். அங்கே மாரடைப்பும் பாரிசவாதமும் மிக அரிது. அவர்கள் உண்டது யாம் கிழங்கு, வத்தாளங்கிழங்கு, சேம்பு, பழம், தேங்காய், மீன். சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாச்சத்திலிருந்தே வந்தது. இந்தப் பட்டியலை வாசித்தால் ஊர் அம்மம்மாவின் அடுப்படி ஞாபகம் வரவில்லையா? இராசவள்ளி, மரவள்ளி, பனங்கிழங்கு, மீன் சொதி. கிழங்கு உண்ணும் கற்காலத்துக்கும் சைக்கிளுக்கும் சண்டையே இல்லை.

ஆகவே எங்கள் குழுவில் இப்போது ஓர் ஒழுங்கு. வெள்ளி இரவு சோறு, இடியப்பம் அல்லது அவித்த கிழங்கு, கூடவே மீனோ கோழியோ. தானியம் தொடமாட்டேன் என்பவர் கிழங்கை இரட்டிப்பாகச் சாப்பிடலாம், நாங்கள் வாதாடுவதில்லை. காலையில் எண்ணெய் குறைவாக ஏதாவது. ஒரு மணிநேரத்துக்கு மேல் ஓடினால், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து சட்டைப்பையிலிருந்து. ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம். பெரிய பேரீச்சம்பழம் ஒன்றில் 16 கிராம் அளவில். உப்புப் போட்டு அவித்த வத்தாளங்கிழங்கு, ஒரு துண்டு பனங்கட்டி, எள்ளுருண்டை எல்லாம் நல்லவை. லண்டன் றோட்டுக் கடைகளில் கிடைக்கும். சைக்கிள் கடையில் விற்கும் விலைகூடிய ஜெல் தேவையில்லை.

அப்பாமார் விஷயத்துக்கு வருவோம். நாங்கள் பயப்படுவது இதற்குத்தான்.

கிளிக்லசைட் குளிசை எடுப்பவரோ இன்சுலின் போடுபவரோ திடீரென்று சோற்றை நிறுத்திவிட்டு மகனோடு சைக்கிளில் போனால், குளிசை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சர்க்கரை 4க்குக் கீழே விழும். உடனே 15 முதல் 20 கிராம் விரைவான சீனி கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்து, சரியான பின் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 999. மெற்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து அரிது.

இன்னொரு குளிசை வகை உண்டு: டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை. நீரிழிவுக்கு மட்டுமல்லாமல் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்கூட இப்போது அதிகம் எழுதுகிறார்கள். இவற்றை எடுத்துக்கொண்டு மாச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தத்தில் கீற்றோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். பொல்லாத விஷயம் என்னவென்றால், அப்போது விரல் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஏறக்குறையச் சாதாரணமாகவே காட்டும். 'சுகர் நோர்மல்' என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். ஓங்காளம், வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, பழவாசம் போன்ற மூச்சு வந்தால் குளிசையை நிறுத்தி உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குளிசையின் பெயரை அங்கே சொல்லுங்கள். இந்த இரு வகையில் எதை எடுப்பவரும் பேலியோ தொடங்குமுன் டொக்டரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ கேளுங்கள்.

தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. குறைத்துச் சாப்பிட்டுக் கூட ஓடும்போது மாதவிடாய் நின்றால், அதை 'உடம்பு ஃபிட் ஆகிவிட்டது' என்று எடுக்க வேண்டாம். உடம்பு சக்தி போதாமல் அதை நிறுத்துகிறது. எலும்பும் கூடவே மெலியும். சைக்கிள் எலும்புக்குப் பாரம் கொடுக்காத பயிற்சி. பாலையும் விட்டால் இரட்டை நட்டம். பதினெட்டு வயதுவரை பெண்பிள்ளைகளுக்கு நாளுக்கு 800 மில்லிகிராம் கல்சியம் வேண்டும், ஆண்பிள்ளைகளுக்கு 1,000, அதன்பின் 700. பால் வேண்டாமென்றால் முள்ளோடு நெத்தலி, ரின் சாடின், எள்ளு, கீரை. எங்கள் நிறத்தவர்களுக்கு இந்த நாட்டு வெயில் போதாது. வைற்றமின் டி 10 மைக்ரோகிராம் வருடம் முழுவதும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மழை இல்லாவிட்டால், நோர்பரி ரயில் நிலையத்தடியில் நிற்போம். ஹெல்மெட், முன்பின் விளக்கு, ஒரு போத்தல் தண்ணீர், பையில் இரண்டு வாழைப்பழம். முதல்நாள் இரவு என்ன சாப்பிட்டீர்கள், என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று வெளிக்கிடுமுன் கேட்போம். கோபிக்க வேண்டாம்.