நெஞ்சில் இளைப்பு, மூக்கில் ஏன் பரிசோதனை?



மருத்துவ உதவி கேட்டு நமது அலுவலகத்துக்கு வந்த ஒரு தாய், மகனின் மருத்துவச் சீட்டைக் காட்டினார். "இளைப்பு நெஞ்சில்தானே? மூக்குச் சளியை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்? குச்சி விட்டால் நோய் கூடிவிடாதா? டெஸ்டுக்காக இன்ஹேலரையும் நிறுத்திவிட்டேன்" என்றார். கடைசி வார்த்தைதான் என்னைப் பதற வைத்தது.

மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப்பாதையைச் சேர்ந்தவை. ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் உண்டு. தூசியோ மகரந்தமோ நுழைந்ததும், உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையென்று கருதி ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளிவிடுகின்றன. உடனே தும்மல், நீரொழுக்கு. பிறகு ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து கூடுகின்றன. மூக்குச் சளியில் இவை மிகுந்திருந்தால் ஒவ்வாமை இருக்கலாம் என்று மருத்துவர் ஊகிப்பார். ஆனால் ஆஸ்துமாவை உறுதிசெய்ய மூச்சுப் பரிசோதனை வேண்டும்.

எடுக்கும் முறையும் நேரமும் மாறினால் முடிவும் மாறும். பஞ்சுக்குச்சி மேலுள்ள சளியை எடுக்கும்; சிறு பிரஷ் உட்தோலின் அணுக்களையும் எடுக்கும். உப்புநீரால் கழுவி எடுத்தால் சளி நீர்த்துப்போகும். இருந்த பொருள்களும் வெளியேறிவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கை முதலில் கழுவிவிட்டு, ஒவ்வாப் பொருளைச் செலுத்தி, மீண்டும் கழுவிய நீரில் ஹிஸ்டமின் உயர்ந்ததைக் கண்டார்கள். சில மணி நேரம் கழித்து அது மறுபடியும் உயர்வதை 1985இல் எழுதினார்கள். ஆகவே ஒரே மூக்கில் காலையும் மாலையும் எடுத்தவை ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை.

குச்சியால் ஆஸ்துமா வராது. சற்று நேரம் கூச்சம், கண்ணீர், தும்மல் வரலாம்; சிலருக்குச் சிறிது ரத்தம் கசியலாம். அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் பிள்ளையாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே ஈசினோபில்களைக் குறைத்துக் காட்டும். எனவே பயன்படுத்தும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒளுச் செய்யும்போது மூக்கைக் கழுவுகிறோம் அல்லவா? பரிசோதனைக்கு முன் கழுவலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எதை நிறுத்துவது, எத்தனை நாள் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நாமாக இன்ஹேலரை நிறுத்தினால், பரிசோதனை நாளுக்கு முன்பே பிள்ளைக்கு மூச்சு முட்டிவிடக்கூடும்.

அந்தத் தாய் எங்கள் அலுவலகத்திலிருந்தே மருத்துவருக்குப் போன் செய்தார். அன்றிரவே இன்ஹேலரைத் தொடரச் சொல்லிவிட்டார்கள்.